கட்டட ஒப்பந்ததாரர் முன்பணம் வாங்கிக்கொண்டு வேலையைப் பாதியில் விட்டுவிட்டார். பணம் திரும்பக் கிடைக்குமா?

கிடைக்கும், முழுசாக இல்லாவிட்டாலும். ஆனால் "என் பணத்தைக் கொடுங்கள்" என்று போனில் கேட்டுக்கொண்டே இருந்தால் கிடைக்காது. நடந்த வேலையை அளந்து, கொடுத்த பணத்திலிருந்து அதைக் கழித்து, மீதி இவ்வளவு என்று ஒரு தொகையாகக் கேட்ட பிறகுதான் எங்களுக்கு அசைந்தது.

கூரை போட்டதோடு வேலை நின்றுவிட்டது, எழுத்தில் ஒப்பந்தம் இல்லை, அவருடைய சென்ட்ரிங் சாமான் (கூரைக் கான்கிரீட் இறுகும்வரை அதைத் தாங்கும் தகடு, முட்டு எல்லாம்) இன்னும் உங்கள் மனையில் கிடக்கிறது, அதை விற்று ஈடுகட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சாமான் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். அநேகமாக உங்களிடமும் "அடுத்த வாரம் ஆள் இறங்கிடும்" என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார்.

எங்களுடையது பொருளும் கூலியும் சேர்த்துப் பேசிய வேலை. கூரைக்குக் கம்பி விலை ஏறப் போகிறது, மொத்தமாக வாங்கிப் போட்டுவிடலாம் என்று எங்கள் ஒப்பந்ததாரர் ஒரு பெரிய தொகையை வாங்கிக்கொண்டார். கான்கிரீட் போட்டதும் ஆளைக் காணவில்லை. கணக்குக் கேட்டபோது ஒரு வெள்ளைத் தாளில் எழுதி அனுப்பினார்: கம்பி 3.2 டன். இதைப் போய் யார் சரிபார்க்கப் போகிறார்கள் என்ற தைரியம்தான். கான்கிரீட்டுக்குள் போன கம்பியை யாரும் எண்ண முடியாதே.

ஆனால் நான் எண்ணியிருந்தேன். சந்தேகப்பட்டு இல்லை. கரண்ட் பைப் எங்கே போகிறது என்று பின்னால் தெரிய வேண்டுமே என்று, கான்கிரீட் போடுவதற்கு முந்தைய நாள் டேப்பை விரித்து வைத்து மூலைமூலையாகப் படம் எடுத்து வைத்திருந்தேன். கம்பிக்கும் கம்பிக்கும் எவ்வளவு இடைவெளி, எது 8 மில்லி, எது 12 மில்லி என்று எல்லாம் அதில் தெரிந்தது. வரைபடம் கையில் இருந்தது. அப்புறம் என்ன, கணக்குதான்.

கம்பி எடைக்கு ஒரு எளிய சூத்திரம் உண்டு. விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வந்துவிடும். 12 மில்லி கம்பி என்றால் 144ஐ 162ஆல் வகுக்க 0.89 கிலோ, 12 மீட்டர் நீளமுள்ள முழுக் கம்பி ஒன்று ஏறக்குறைய 10.7 கிலோ. 8 மில்லி என்றால் மீட்டருக்கு 0.395 கிலோ. ஆலையிலிருந்து வரும் கம்பியிலேயே சில சதவீதம் கூடக்குறைய இருக்கும், அது தப்பில்லை. அவர் என்னென்ன சாக்குச் சொல்வார் என்று யோசித்து அதையும் சேர்த்தே போட்டேன். கம்பியோடு கம்பி சேரும் ஒட்டுக்கு விட்டத்தைப் போல 50 மடங்கு, வளைவு, கொக்கி, வெட்டுக்கழிவு 5 சதவீதம். எல்லாம் சேர்த்தும் 2.2 டன்னைத் தாண்டவில்லை.

"வேஸ்டேஜ்தான் மேடம்" என்றார். ஒரு டன் வேஸ்டேஜா? அவ்வளவு துண்டுக்கம்பி கிடந்தால் மனையில் நடக்கவே இடம் இருந்திருக்காதே.

இதை முடித்துவைத்தது கம்பிக்கடைக்காரர். ஒப்பந்ததாரர் அவருக்கும் பாக்கி வைத்திருந்தார், அதனால் "வீடு உங்களுடையதுதானே" என்று எங்களிடம் வசூலுக்கு வந்தார். முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு உட்காரவைத்துப் பேசியதில், எங்கள் மனைக்கு வந்த லோடுகளின் எடைமேடைச் சீட்டு நகல்களைக் கொடுத்தார். மொத்தம் 2.3 டன். என் கணக்கைவிடக் கொஞ்சம் கூடுதல்தான், ஆனாலும் கடைக்காரர் எண்ணையே வைத்துக்கொண்டேன். கேட்கும் தொகை கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, எதிராளி மறுக்க முடியாத எண்ணாக இருக்க வேண்டும். உங்கள் ஆளுக்கும் எங்காவது கடையில் பாக்கி இருக்கும், விசாரித்துப் பாருங்கள்.

மணலிலும் விளையாடியிருந்தார், அதை நிரூபிக்க முடியவில்லை. ஈர மணல் உப்பிக்கொள்ளும், காய்ந்த மணலைவிட நாலில் ஒரு பங்குக்கு மேலேகூட. லாரியின் உள்நீளம், அகலம், மணல் நிற்கும் உயரம் மூன்றையும் பெருக்கிக் கன அடி சரியாக வந்தாலும் உண்மையில் மணல் குறைவாக இருக்கலாம். ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டுத் தண்ணீரை நிரப்பிக் கிளறிவிட்டால் எவ்வளவு இறங்குகிறது என்று தெரிந்துவிடும். லோடு இறங்கும்போதே பார்க்க வேண்டிய விஷயம் அது. கலவையில் போன பிறகு ஒன்றும் செய்வதற்கில்லை, விட்டுவிட்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இத்தனை கணக்கும் போட்டது நான். ஆனால் ஒப்பந்ததாரர் கடைசிவரை "சார் வந்தா பேசிக்கிறேன் மேடம்" என்றுதான் சொன்னார். அளவெடுக்க வந்த இன்ஜினியரும் தாளை என் கணவர் பக்கம் திருப்பிவைத்துத்தான் விளக்கினார், அவரோ என்னைப் பார்த்தார். வண்டியை சர்வீஸுக்கு விட்டாலும் இதே கதை. சாவியை என்னிடம் வாங்கிக்கொள்கிற மெக்கானிக், என்ன கோளாறு என்பதை என் கணவருக்குப் போன் போட்டுச் சொல்கிறார். அவருக்கு வண்டியே ஓட்டத் தெரியாது! சரி, அதை விடுங்கள்.

எழுத்தில் ஒப்பந்தம் இல்லையே என்று தளர்ந்துவிடாதீர்கள். வங்கி வழியாக அனுப்பிய பணம், வாட்ஸ்அப்பில் அவர் சொன்ன விலை, "பணம் வந்துவிட்டது" என்று அவர் போட்ட பதில் எல்லாமே ஆதாரம்தான். போனில் பேசியதை உடனே "இன்று நீங்கள் இப்படிச் சொன்னீர்கள்" என்று செய்தியாக அனுப்பிவிடுங்கள். ஏதாவது பொருளுக்குக் கார்டில் பணம் கட்டியிருந்தால் வங்கியிடமே முறையிட வழி உண்டு, அதற்குக் காலக்கெடு இருக்கும், தள்ளிப்போடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், வேறு மேஸ்திரியை வைத்து வேலையைத் தொடங்கிவிடாதீர்கள். வீட்டில் எல்லோரும் அவசரப்படுத்துவார்கள், எனக்கும் தெரியும். ஆனால் புதுச் சுவர் ஏறிவிட்டால் பழையவர் எவ்வளவு செய்தார் என்பதே தெரியாமல் போய்விடும். இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு இன்ஜினியரை வைத்து அளந்து, படத்தோடு, கையெழுத்தோடு வாங்குங்கள். அளவெடுக்கும் நாளைக் குறித்து ஒப்பந்ததாரருக்கு, போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும் தபாலில் அனுப்புங்கள். எங்கள் ஆள் முதல் தடவை வரவில்லை, அவர் வராததையும் இன்ஜினியர் அறிக்கையில் எழுதிவிட்டார். அடுத்த நோட்டீஸ் வக்கீல் பெயரில் போனதும் பேச வந்தார். முக்கால் பங்கு, தவணையாக, அதிலும் ஒரு பகுதி செங்கலாக வந்தது. பணமாகத்தான் வேண்டும் என்று நின்றிருந்தால் அதுவும் வந்திருக்காது. ஒவ்வொரு தவணைக்கும் ரசீதில் "பகுதித் தொகை" என்றே எழுதினேன். "முழுக் கணக்கும் தீர்ந்தது" என்று அவர் எழுதிக் கொண்டுவந்த தாளில் கையெழுத்துப் போடவில்லை.

வக்கீல்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், சட்டம் ஊருக்கு ஊர் மாறும், உங்களுடையதை ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மேஸ்திரிகள் எல்லோரும் திருடர்கள் என்றும் நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டை ஒழுங்காக முடித்துக் கொடுத்தவரும் ஒரு மேஸ்திரிதான்.

இப்போது அந்தச் சென்ட்ரிங் சாமான். விற்காதீர்கள். தகடும் ஜாக்கியும் பெரும்பாலும் வாடகைக்கு எடுத்தவையாகத்தான் இருக்கும். விற்றால் வாடகைக்கடைக்காரர் உங்கள் மேல் புகார் கொடுப்பார், அப்போது திருடர் நீங்கள் ஆகிவிடுவீர்கள். கூரைக்கு அடியில் இன்னும் முட்டு நிற்கிறது என்றால் இன்ஜினியரைக் கேட்காமல் அதைத் தொடவே வேண்டாம். மற்றதை எண்ணிப் பட்டியல் போட்டு, படம் எடுத்து, இந்தத் தேதியில் வந்து எடுத்துக்கொள்ளவும் என்று எழுதி அனுப்புங்கள். வாடகை ஓடிக்கொண்டிருப்பதால் அதற்காவது வருவார். அளவெடுக்கும் இன்ஜினியரையும் அதே நாளில் வரச் சொல்லிவிடுங்கள்.