‘வளர்ச்சி’ என்ற ஒரு சொல் போதுமா?

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகளின் உயிரியல், பொருளியல் பாடங்கள் இரண்டிலும் ‘வளர்ச்சி’ வருகிறது. ஸ்டுடியோ வைத்திருந்த என் தந்தை பிலிமை ‘டெவலப்’ செய்வதாகச் சொல்வார். என் தம்பி மென்பொருள் ‘டெவலப்பர்’. ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதானே என்கிறாள் மகள். இவற்றுக்குப் பொதுவான பொருள் உண்டா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: உண்டு, ஆனால் அளவில் பெருகுவது என்பது அந்தப் பொதுப்பொருள் அன்று. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன ‘டெவலப்’ என்னும் சொல்லுக்குப் பழைய பொருள், சுற்றி மூடியிருப்பதைப் பிரித்துத் திறப்பது என்பதாகும்.

உங்கள் தந்தையின் இருட்டறையிலிருந்தே தொடங்குகிறேன். சிறுவயதில் அப்படியோர் அறையில் நின்று பார்த்திருக்கிறேன். சிவப்பு விளக்கின் மங்கிய வெளிச்சத்தில், ஒளிபட்ட புரோமைடு தாளைத் தட்டிலிருந்த கரைசலில் அமிழ்த்தியபோது அது வெறும் வெள்ளைத் தாளாகவே கிடந்தது. தட்டை மெல்ல ஆட்ட ஆட்ட, முதலில் ஒரு புருவமும் பிறகு சட்டைக் காலரும் கருமையாக எழுந்து வந்தன. ஒளிபட்ட கணத்திலேயே வெள்ளி புரோமைடு துகள்களில் கண்ணுக்குப் புலப்படாத மாற்றம் பதிந்துவிடுகிறது. கரைசல் அத்துகள்களைக் கரிய வெள்ளியாக மாற்றிக் காட்டுகிறது. ஒளிபடாமல் எஞ்சியவற்றை ஹைப்போ என்னும் உப்பின் கரைசல் அகற்றிவிடுகிறது. இங்கே எதுவும் பெரிதாவதில்லை, மறைந்திருந்தது வெளிப்படுகிறது. நம் ‘வளர்பிறை’யும் இத்தகையதே: நிலவு பெருப்பதில்லை, அதன் ஒளிபட்ட பகுதிதான் நமக்கு நாளுக்கு நாள் கூடுதலாகத் தெரிகிறது.

உயிரியலில் அளவு கூடுவது வேறு, உருவமும் செயலும் அமைவது வேறு. தலைப்பிரட்டை தவளையாகும்போது வால் உடலுக்குள் கரைந்துபோகிறது, செவுள்கள் மறைகின்றன, நீண்ட குடல் குறுகுகிறது. கருவிலுள்ள குழந்தையின் கை ஏறத்தாழ ஆறாவது வாரத்தில் துடுப்பைப் போலத் தட்டையாக இருக்கும். இடைப்பட்ட செல்கள் மடிந்த பிறகே விரல்கள் தனித்தனியாகப் பிரிகின்றன. இழப்பும் இதில் ஒரு பகுதி என்பதை ‘வளர்ச்சி’ என்னும் சொல் நமக்கு உணர்த்துவதில்லை. பாடநூல்களில் இதற்கு ‘உருவளர்ச்சி’ என்பது போன்ற தனிச்சொல் நிலைபெற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பொருளியலில் இந்தக் குழப்பம் மக்களின் வாழ்க்கையையே தொடுகிறது. உற்பத்தியும் வருமானமும் கூடுவது வளர்ச்சி. அதனால் மனிதர்கள் நலமாக நெடுநாள் வாழ்வதும் கல்வி பெறுவதும் மேம்பாடு. முன்னது இருந்தும் பின்னது இல்லாத நிலை வரக்கூடும் என்பதாலேயே, பாகிஸ்தானியப் பொருளியலாளர் மஹபூப் உல் ஹக், அமர்த்தியா சென் முதலானோரின் துணையுடன், ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் சேர்த்து அளக்கும் மனித மேம்பாட்டுக் குறியீட்டை உருவாக்கினார், ஐ.நா. வளர்ச்சித் திட்டம் அதனை 1990இல் வெளியிட்டது. அந்த அமைப்பின் பெயரையே நாம் ‘வளர்ச்சி’ என்று எழுதிவிட்டு, குறியீட்டுக்கு மட்டும் ‘மேம்பாடு’ என்கிறோம் என்பதைக் கவனியுங்கள். உங்கள் மகள் தேர்வில் இவ்விரு சொற்களையும் மாற்றி எழுதினால் விடையே மாறிவிடும்.

தம்பியின் தொழிலுக்கு ‘உருவாக்குநர்’ என்பதே பொருந்தும். அவர் புதிதாகக் கட்டுகிறார்.

கேள்வி: இலங்கைப் பத்திரிகைகளில் ‘அபிவிருத்தி’ என்று எழுதுகிறார்களே, அது தவறா?
– வாசகர், திருச்சி

பதில்: தவறில்லை. வடமொழி வழி வந்த அச்சொல், கிராம அபிவிருத்திச் சங்கம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம் என அங்கே அன்றாடப் பேச்சிலேயே கலந்திருக்கிறது. நாம் ‘வட்டார வளர்ச்சி அலுவலர்’ என்று சொல்லிப் பழகியதைப் போன்றதே அது. ஈழத்து எழுத்தை இங்கே மறுபதிப்புச் செய்வோர் அதனை ‘வளர்ச்சி’ என்று மாற்றாமல், அப்படியே விட்டுவிடுவதே முறை.