கேட்டதும் சொன்னதும்: மியூசியத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்களுக்கு

(போன இதழில் புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகத்தைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பள்ளிச் சுற்றுலாவைப் பற்றித்தான். ஓய்வு பெற்றாலும் வரலாற்று வாத்தியாரை விடமாட்டார்கள் போலிருக்கிறது. சரி, இந்த முறை முழுக்க அதுவே.)

கேள்வி: ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அறுபது பேரை அழைத்துப் போகிறோம். ஒரே நாளில் மியூசியம், சித்தன்னவாசல், குடுமியான்மலை, திருமயம் கோட்டை என்று திட்டம். மியூசியத்துக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். போதுமா?
*(ஆலங்குடி பக்கத்து நடுநிலைப் பள்ளி ஆசிரியை ஒருவர்)*

பதில்: போதாது டீச்சர். முதலில் பட்டியலில் இரண்டை அடித்துவிடுங்கள். திருமயம் தெற்கே, குடுமியான்மலை வடமேற்கே. நாள் முழுக்க வேனில் போகும். பிள்ளைகளுக்குக் கடைசியில் ஞாபகம் இருப்பது யார் வாந்தி எடுத்தார்கள் என்பது மட்டும்தான்.

சித்தன்னவாசலும் மியூசியமும் போதும். அதிலும் சித்தன்னவாசல்தான் முதலில். காரணம் வரலாறு இல்லை, வெயில். பதினோரு மணிக்கு மேல் அந்தப் பாறையில் கை வைக்க முடியாது. காலையில் போய் இறங்கியதும் ஏழடிப்பட்டம் ஏற்றிவிடுங்கள். மலைச்சரிவில் இயற்கையாக அமைந்த குகை. சமண முனிவர்களுக்காக வழுவழுப்பாகச் செதுக்கிய கற்படுக்கைகள் பதினேழு இருக்கின்றன. ஒன்றின் ஓரத்தில் தமிழி, அதாவது மிகப் பழைய தமிழ் எழுத்து. வழியில் கைப்பிடிக் கம்பி உண்டு. ஆனாலும் முன்னால் ஒரு ஆசிரியர், கடைசியில் ஒரு ஆசிரியர் கட்டாயம். இறங்கி வந்து அறிவர் கோவில், பாறையைக் குடைந்த சமணக் கோவில். மேலே நிமிர்ந்தால் தாமரைக்குளம்: மீன், அன்னம், யானை, பூப்பறிக்கும் ஆட்கள். ஒன்பதாம் நூற்றாண்டுப் பாண்டியர் கால ஓவியம். நிறைய இடத்தில் உதிர்ந்துபோயிருக்கிறது. அதைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம். எங்கே உதிர்ந்திருக்கிறது என்று அவர்களே விரல் நீட்டிக் காட்டட்டும். தொடாமல்.

சாப்பாடு முடிந்து மத்தியானம் திருக்கோகர்ணம், அதாவது மியூசியம். குறைந்தது இரண்டு மணி நேரம். அறுபது பேரையும் ஒரே வரிசையில் நடத்தினால் முன்னால் நிற்கிற பத்துப் பேர் மட்டும் பார்ப்பார்கள், பின்னால் நிற்பவர்கள் முன்னால் நிற்பவன் முதுகைப் பார்ப்பார்கள். பதினைந்து பேராக நாலு குழு. ஒவ்வொரு குழுவும் ஒரு கூடத்தில் ஒரே ஒரு பொருளுக்கு முன்னால் உட்காரட்டும். ஆமாம், தரையில்தான். பென்சிலால் அதை வரையட்டும். பேனா வேண்டாம், மை சிந்தினால் வம்பு. வரைகிறபோதுதான் பிள்ளை ஒரு பொருளை உண்மையில் பார்க்கிறது. சிலையின் கையில் எத்தனை விரல் மடங்கியிருக்கிறது என்பது எழுதும்போது தெரியாது, வரையும்போது தெரிந்தே ஆகவேண்டும். பாடம் செய்து வைத்திருக்கும் விலங்குகள் பக்கம் எல்லாருமே ஓடத்தான் செய்வார்கள். கடைசிப் பதினைந்து நிமிஷம் அதற்கென்று விட்டுவிடுங்கள், முதலிலேயே சொல்லியும் வையுங்கள்.

இன்னொன்று. பிள்ளைகளுக்கு முன்னால் நீங்கள் ஒருமுறை தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள். எந்தக் கூடம் திறந்திருக்கிறது, கழிப்பறை எங்கே, நிழல் எங்கே என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. தலைமையாசிரியர் கையெழுத்தோடு பள்ளிக் கடிதம் ஒன்றைக் காப்பாட்சியருக்கு முன்கூட்டியே கொடுத்தால் மாணவர் கட்டணம், விளக்கிச் சொல்ல ஆள் எல்லாம் பேசிக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை மட்டும் போய் நின்றுவிடாதீர்கள், அன்று விடுமுறை.

கேள்வி: என் மகன் மியூசியம் போய் வந்து இரண்டு பக்கம் கட்டுரை எழுதினான். "கண்டோம், களித்தோம், வியந்தோம்" என்பதைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. ஆசிரியரோ "நன்று" போட்டிருக்கிறார். என்ன செய்ய?
*(அறந்தாங்கியிலிருந்து ஒரு அப்பா)*

பதில்: மகனைத் திட்டாதீர்கள் சார். கேள்வி கொடுக்காமல் அனுப்பினால் பெரியவர்களும் இதைத்தான் எழுதுவார்கள். நம் பயணக் கட்டுரைகளைப் பாருங்களேன்.

அடுத்த முறை நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள், ஒரே கேள்வியோடு. உதாரணத்துக்கு அம்மன் காசு. புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான் சமஸ்தானத்துச் சின்னச் செம்புக் காசு. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள் அம்மன், மறுபக்கம் தெலுங்கில் "விஜய". நவராத்திரியில் அரண்மனையில் அரிசியோடு இந்தக் காசையும் மக்களுக்குக் கொடுப்பார்கள். கேள்வி இதுதான்: தமிழ் பேசுகிற ஊர், தமிழ் பேசுகிற ஜனம், காசில் ஏன் தெலுங்கு? பையன் யோசிக்கட்டும். விடை தேடிப் போனால் விஜயநகரம், நாயக்கர், அரசவை வழக்கம் என்று இருநூறு முந்நூறு வருஷம் பின்னால் போய்விடுவான். திரும்பும் வழியில் 1948 மார்ச் 3-ஆம் தேதி சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த கதையைச் சொல்லிவிடுங்கள். 1974-இல்தான் புதுக்கோட்டை தனி மாவட்டம் ஆனது என்பதையும். அந்த பிரகதாம்பாள் கோவில் மியூசியத்துக்குப் பக்கத்திலேயே, அதே திருக்கோகர்ணத்தில்தான். காசில் பார்த்தவளை நேரிலும் பார்த்துவிட்டு வரலாம்.

"நன்று" போட்ட ஆசிரியரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. நாற்பது நோட்டுத் திருத்துகிற கை என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும்.

கேள்வி: ரோமானியக் காசு புதுக்கோட்டைப் பக்கம் கிடைத்தது என்கிறார்களே, உண்மையா? எங்கே பார்க்கலாம்?
*(பத்தாம் வகுப்பு மாணவி, கறம்பக்குடி)*

பதில்: உண்மைதான் பாப்பா, அதுவும் உங்கள் ஊர்ப்பக்கமேதான். 1898-இல் கருக்காக்குறிச்சியில் ஒரு புதையல் கிடைத்தது. 501 தங்கக் காசு, எல்லாம் ரோமாபுரிப் பேரரசர்கள் அடித்தவை. அகஸ்டஸ் காலத்திலிருந்து வெஸ்பாசியன் காலம் வரை, ஏறக்குறைய நூறு வருஷத்துக் காசுகள். பல காசுகள் இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. கப்பலேறிப் போக வேண்டாம், அவர்களின் இணையதளத்திலேயே படம் போட்டிருக்கிறார்கள்.

படத்தைப் பெரிசாக்கிப் பார். பெரும்பாலான காசில் ராஜா முகத்துக்குக் குறுக்கே உளியால் ஓங்கி ஒரு வெட்டு வெட்டியிருக்கும். கோபத்தில் செய்ததாகத் தெரியவில்லை, ஒன்றா இரண்டா, காசுக்குக் காசு ஒரே மாதிரி வெட்டு. இனி இது நாணயம் இல்லை, வெறும் தங்கம், எடைக்குத்தான் மதிப்பு என்று காட்டவே வெட்டினார்கள் என்பது அறிஞர்கள் சொல்லும் ஒரு விளக்கம். உனக்கு வேறு தோன்றினால் எழுதி அனுப்பு, இங்கேயே போடுகிறேன்.

கேள்வி: ஊரணி தூர்வாரும்போது மண்தாழி ஒன்று உடைந்த நிலையில் கிடைத்தது. உள்ளே சின்னச் சின்னக் கலயங்களும் இருந்தன. எடுத்துப் பள்ளியில் கண்காட்சி வைக்கலாமா என்று மாணவர்கள் கேட்கிறார்கள்.
*(அன்னவாசல் ஒன்றியத்திலிருந்து ஓர் ஆசிரியர்)*

பதில்: எடுக்காதீர்கள் சார். அது முதுமக்கள் தாழியாக, அதாவது அந்தக் காலத்தில் இறந்தவர்களைப் புதைத்த பானையாக இருந்தால், அதன் மதிப்பில் பாதி கிடந்த இடத்தில்தான் இருக்கிறது: எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, கலயம் எங்கே இருந்தது. கழுவிச் சுத்தமாக்கி மேசையில் வைத்தால் அது வெறும் பானை. வேலையை அந்த இடத்தில் மட்டும் நிறுத்தச் சொல்லி, வி.ஏ.ஓ. வழியாகத் தாசில்தாருக்குத் தெரிவியுங்கள். மியூசியத்துக்கும் ஒரு போன் போடுங்கள். 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னமும் நடப்பில் இருக்கிறது, பத்து ரூபாய்க்கு மேல் பெறுமான புதையல் என்றாலே கலெக்டருக்குச் சொல்லியாக வேண்டும்.

மாணவர்களுக்கு வேலை இல்லாமல் இல்லை. பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுக்கட்டும். ஊரணியின் வரைபடம் போட்டு இடத்தைக் குறிக்கட்டும். ஊர்ப் பெரியவர்களிடம் முன்பு என்ன கிடைத்தது என்று விசாரிக்கட்டும். பள்ளியில் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் இருந்தால் அதன் நோட்டில் எல்லாம் ஏறட்டும். கண்காட்சிக்கு இதுவே தாராளம்.

கேள்வி: எல்லாப் பள்ளியும் கீழடி போகிறது. நாங்கள் மட்டும் புதுக்கோட்டையிலேயே சுற்ற வேண்டுமா?
*(பெற்றோர் ஆசிரியர் கழக உறுப்பினர், கந்தர்வகோட்டை)*

பதில்: கீழடிக்கும் போங்கள், யார் தடுத்தது? 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம், செட்டிநாட்டு வீடு மாதிரி கட்டியிருக்கிறார்கள். உறைகிணறு, தக்களி, சுடுமண் வட்டச் சில்லு, தாயக்கட்டை என்று பிள்ளைகள் பார்த்தவுடன் தெரிந்துகொள்கிற பொருள்கள் நிறைய. பானை ஓட்டில் ஆதன், குவிரன் என்று கீறியிருப்பதைக் கட்டாயம் காட்டுங்கள். நம் பிள்ளைகள் டிபன் பாக்ஸில் பெயர் வெட்டி வைப்பதில்லையா, அதே சங்கதிதான்.

ஆனால் ஐந்தாம் வகுப்புக்குள் உள்ளூரைக் காட்டிவிட்டு, கீழடியை எட்டு ஒன்பதில் வையுங்கள். புதுக்கோட்டைக்குப் பக்கத்துப் பொற்பனைக்கோட்டையில் சங்ககாலக் கோட்டை இருந்த இடம் என்று 2023-இல் மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வு தொடங்கியது. கந்தர்வகோட்டையிலிருந்து அது எவ்வளவு தூரம்? போக ஒரு டவுன் பஸ் செலவு. கீழடிக்கு ஆளுக்கு எவ்வளவு வசூலிக்கப் போகிறீர்கள்?

தேதிக்கு நவம்பர் 19 முதல் 25 வரை வரும் உலகப் பாரம்பரிய வாரத்தைப் பாருங்கள். மே 18 உலக அருங்காட்சியக நாள்தான், ஆனால் அன்று பள்ளியே கிடையாது. நவம்பரில் மழை பிடித்துக்கொண்டால் டிசம்பருக்குத் தள்ளாதீர்கள், அரையாண்டுப் பரீட்சை வந்துவிடும். ஜனவரியில் பொங்கல் கழித்து வையுங்கள்.