முதலாண்டில் எத்தனை பேர் சேர்ந்தார்கள்?

கேள்வி: என் மகளுக்குப் பதினாறு வயது. அரசுப் பள்ளியில் படித்து, இந்த ஆண்டு பத்தாம் வகுப்பில் 371 மதிப்பெண் எடுத்திருக்கிறாள். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் படிக்க ஆசைப்படுகிறாள். எங்கள் ஊருக்கு வந்த ஒருவர், அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தனியார் பாலிடெக்னிக் ஒன்றில் இடம் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். நூறு சதவீத வேலைவாய்ப்பு, விடுதி, மாதம் ஆயிரம் ரூபாய் உதவித்தொகை எல்லாம் உண்டாம். திங்கட்கிழமைக்குள் அசல் மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், ஐயாயிரம் ரூபாய் முன்பணம் மூன்றையும் கொடுக்கச் சொல்கிறார். மாற்றுச் சான்றிதழை இன்னும் பள்ளியிலிருந்து வாங்கவில்லை. அந்தக் கல்லூரி நல்லதா என்று நாங்கள் எப்படித் தெரிந்துகொள்வது?

— ஒரு தந்தை, செய்யாறு வட்டம்

பதில்: கல்லூரியைப் பற்றி அப்புறம் பேசுவோம். முதலில் அந்தத் திங்கட்கிழமையை மறந்துவிடுங்கள். அது கல்லூரி வைத்த கெடு அல்ல, அந்த மனிதர் வைத்த கெடு. தலைக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு பிள்ளை பிடிப்பவர்கள் பத்தாம் வகுப்பு முடிவு வந்த மறுநாளே ஊர் ஊராகக் கிளம்பிவிடுவார்கள். அரசுக் கல்லூரிகளில் இடம் ஒதுக்கி முடிப்பதற்குள் இவர்கள் அறுவடையை முடித்தாக வேண்டும், அதனால்தான் இந்த அவசரம். அரசு தன் சேர்க்கையைச் சற்றே விரைவுபடுத்தினால் இவர்களில் பாதிப் பேர் வேறு தொழில் தேடிப் போவார்கள். முப்பத்தோரு ஆண்டு பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் ஆசிரியராகவும் துறைத் தலைவராகவும் இருந்தேன். ஒவ்வொரு ஆண்டும் இதே கூத்தைத்தான் பார்த்தேன்.

அவருக்குப் போகும் தரகுப் பணம் வானத்திலிருந்து விழுவதில்லை. உங்கள் மகள் கட்டப்போகும் கட்டணத்திலிருந்துதான் எடுக்கப்படுகிறது. அசல் சான்றிதழ் கேட்பதும் சரிபார்ப்பதற்காக அல்ல. அது அடகு. அடகுக் கடையிலாவது ரசீது தருவார்கள். என் பக்கத்து வீட்டுப் பையன் இப்படித்தான் ஒரு தனியார் கல்லூரியில் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டு வந்தான். பத்து நாள் கழித்து அரசுப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது. சான்றிதழைத் திருப்பிக் கேட்டபோது ஒரு வருடக் கட்டணத்தைக் கட்டிவிட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அவன் அப்பா கட்டவும் முடியாமல், விடவும் முடியாமல் மூன்று முறை நடந்தார். அதற்குள் அரசு இடம் கைவிட்டுப் போயிற்று.

விதி என்னவோ தெளிவாகத்தான் இருக்கிறது. வகுப்பு தொடங்குவதற்கு முன் மாணவர் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது, மீதியைத் திருப்பித் தர வேண்டும், அசல் சான்றிதழ்களைக் கல்லூரி வைத்துக்கொள்ளவே கூடாது என்று அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு சொல்கிறது. ஏ.ஐ.சி.டி.இ. என்றால் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்த விதி கல்லூரியைத்தான் கட்டுப்படுத்தும். திண்ணையில் உட்கார்ந்து ரசீது இல்லாமல் ஐயாயிரம் வாங்கிக்கொண்டு போகிறவரை எந்த விதியும் கட்டுப்படுத்தாது. பணம் கட்டுவதென்றால் கல்லூரி அலுவலகத்தில், கல்லூரி பெயரில் ரசீது வாங்கிக்கொண்டு கட்டுங்கள். சான்றிதழில் நகல் மட்டும் கொடுங்கள். அசலைக் காட்டிவிட்டு, பார்த்து முடித்ததும் கையோடு வாங்கிக்கொண்டு வாருங்கள்.

மாதம் ஆயிரம் ரூபாய் என்ற ஆசை வார்த்தையைப் படித்ததும் சிரிப்பு வந்தது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த பெண்கள் மேற்படிப்புக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் தருவதற்காகத் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம் அது. பாலிடெக்னிக்கில் படிக்கும் பட்டயப் படிப்புக்கும் (டிப்ளமோ) உண்டு. பணம் மகளின் வங்கிக் கணக்குக்கு நேராக வரும். எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் அவளுக்கு உரிய பணத்தை, தன் சட்டைப்பையிலிருந்து எடுத்துத் தருவதுபோல அந்த மனிதர் பேசுகிறார்.

இனி கல்லூரி. அங்கீகாரம் இருக்கிறதா என்பதை ஏ.ஐ.சி.டி.இ. இணையதளத்தில் பார்த்துவிடலாம். கல்லூரிக்கு இருந்தால் மட்டும் போதாது. எலெக்ட்ரிகல் பிரிவின் பெயர் இந்த ஆண்டுப் பட்டியலில் இருக்கிறதா, எத்தனை இடம் என்று பாருங்கள். இணையம் பார்க்கத் தெரிந்த பிள்ளை உங்கள் வீட்டிலேயே இருக்கிறாள். நுழைவாயிலில் என்.பி.ஏ. (தேசியத் தரச்சான்று வாரியம்) தரச்சான்று என்று பெரிய பலகை இருந்தால், எந்தப் பிரிவுக்கு, எந்த ஆண்டு வரை என்று கேளுங்கள். அந்தச் சான்று பிரிவு பிரிவாகத்தான் தரப்படுகிறது. மெக்கானிகலுக்கு வாங்கியது எலெக்ட்ரிகலுக்கு உதவாது.

இவ்வளவும் காகிதம். நான் கேட்கச் சொல்வது ஒரே ஒரு கேள்விதான்: “மூன்று ஆண்டுக்கு முன் எலெக்ட்ரிகல் முதலாண்டில் எத்தனை பேர் சேர்ந்தார்கள்? அவர்களில் எத்தனை பேர் இந்த ஆண்டு அரியர் இல்லாமல் முடித்தார்கள்?”

தேர்ச்சி விழுக்காடு எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். அதில் ஒரு மறைவு இருக்கிறது, படித்தவர்களே ஏமாறும் இடம் அது. பாலிடெக்னிக்கில் பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் முதலாண்டில் சேர்வார்கள். பிளஸ் டூ முடித்தவர்களும் ஐ.டி.ஐ. முடித்தவர்களும் நேரடியாக இரண்டாம் ஆண்டில் வந்து சேரலாம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு, நான் விளக்குவதற்காகச் சொல்லும் கணக்கைப் பாருங்கள். முதலாண்டில் அறுபது பேர் சேர்கிறார்கள். கணக்கிலும் இயற்பியலிலும் அரியர் விழுந்து, மனம் வெறுத்து, இருபத்தைந்து பேர் நின்றுவிடுகிறார்கள். மீதி முப்பத்தைந்து. இரண்டாம் ஆண்டில் இருபத்திரண்டு பேர் நேரடியாக வருகிறார்கள். வகுப்பில் ஐம்பத்தேழு தலை, பெஞ்சு நிறைந்துவிட்டது, யாரும் நின்றதாகவே தெரியாது. கடைசியில் ஐம்பது பேர் தேறுகிறார்கள். பலகையில் 88 சதவீதம் என்று எழுதுகிறார்கள். பொய்யும் இல்லை. ஆனால் அந்த ஐம்பதில் இருபத்திரண்டு பேர் நேரடியாக வந்தவர்கள். முதலாண்டில் உங்கள் மகளைப் போலச் சேர்ந்த அறுபது பேரில் தேறியவர்கள் இருபத்தெட்டே பேர். பாதிகூட இல்லை.

நேரடியாக வருகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஐ.டி.ஐ. பையன்கள் ஒயரிங்கில் எனக்கே பாடம் எடுப்பார்கள். கேள்வி அவர்களைப் பற்றியதல்ல. பதினாறு வயதுப் பிள்ளை தடுக்கி விழும் அந்த முதல் இரண்டு செமஸ்டரில் கல்லூரி என்ன செய்கிறது என்பதுதான். மாலையில் கணக்குக்குத் தனி வகுப்பு வைக்கிறார்களா, அல்லது போனவர்கள் போகட்டும், அடுத்த ஆண்டு ஆள் வரும் என்று இருக்கிறார்களா?

அலுவலகத்தில் இந்தக் கேள்விக்கு நேரான பதில் வராமல் போகலாம். அப்போது கல்லூரி விடும் நேரத்துக்குப் பஸ் நிறுத்தத்தில் நின்று, மூன்றாமாண்டுப் பிள்ளைகள் இருவரிடம், “உன்னோடு முதலாண்டில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள்?” என்று கேளுங்கள். விரல் விட்டு எண்ணிச் சொல்லிவிடுவார்கள். இப்படி ஒரு தகப்பன் பஸ் நிறுத்தத்தில் நின்று துப்பறிய வேண்டியிருப்பது வெட்கக்கேடு. சேர்க்கைப் பட்டியலும் தேர்வு முடிவும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்குப் போகின்றன. ரேஷன் கடை வாசலில் அரிசி, சர்க்கரை இருப்பை எழுதிப் போடச் சொல்ல முடிகிறது. கல்லூரி வாசலில் சேர்ந்தவர் இத்தனை, முடித்தவர் இத்தனை என்று இரண்டு எண்களை எழுதிப் போடச் சொல்ல முடியாதா? நானும் துறைக் கூட்டங்களில் கேட்டேன். குறித்துக்கொண்டார்கள்.

நூறு சதவீத வேலை என்பதற்கும் இதே மருந்துதான். எந்த நிறுவனம், எந்த ஊர், என்ன பதவி என்று போன ஆண்டு வேலைக்குப் போனவர்களின் நியமன ஆணையைப் பார்க்கக் கேளுங்கள். 1961-ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டப்படி பட்டயம் முடித்தவர்களை ஓராண்டு பயிற்சிக்கு எடுப்பார்கள், உதவித்தொகை உண்டு. நல்ல பயிற்சிதான், என் மாணவர்களை நானே அனுப்பியிருக்கிறேன். ஆனால் அது வேலை இல்லை. ஓராண்டு முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பலாம். அதையும் வேலைக் கணக்கில் எழுதிக்கொள்ளும் கல்லூரிகள் உண்டு.

வேலை நாளில் முன்னறிவிப்பு இல்லாமல் மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். கட்டடத்தைப் பார்க்காதீர்கள், எலெக்ட்ரிகல் மெஷின் லேபைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். உங்களுக்கு மின்சாரம் தெரிய வேண்டியதில்லை. மேசையில் ஃப்யூஸ் ஒயர்ச் சுருள் கிடக்கிறதா, பாதி தீர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகள் மோட்டாரை ஓட்டிப் பழகும்போது தவறாக இணைப்பார்கள், ஃப்யூஸ் போகும், தாங்களே புது ஒயர் கட்டுவார்கள். அதனால் உண்மையில் நடக்கும் லேபில் பீங்கான் ஃப்யூஸ் கட்டைகளின் வாயில் கரி படிந்திருக்கும். பீங்கான் பளிச்சென்று வெள்ளையாக இருந்து, மோட்டார் மேல் கடையில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளும் அப்படியே இருந்தால், அந்த மோட்டார் ஆய்வுக் குழு வரும் நாளில் மட்டும்தான் ஓடுகிறது.

ஆசிரியர் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். பட்டயப் படிப்பில் 25 மாணவருக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். ஆண்டுக்கு அறுபது பேர் என்றால் மூன்று ஆண்டுக்கும் சேர்த்து 180 பேர், எலெக்ட்ரிகல் துறைக்கு ஏழு ஆசிரியராவது வேண்டும். பட்டியலில் ஏழு பெயர் இருக்கும். துறை அறையில் ஏழு நாற்காலி இருக்கிறதா, அவற்றில் ஆள் இருக்கிறார்களா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். கையெழுத்துக்கு மட்டும் வருபவர்களை எனக்குத் தெரியும்.

விடுதியை மகள் பார்க்கட்டும், உங்களைவிட அவளுக்குத்தான் தெரியும். மூன்று ஆண்டுக்கும் ஆகும் மொத்தக் கட்டணத்தை, தேர்வு, பஸ், சீருடை எல்லாம் சேர்த்து எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் அதுவே பதில்.

பட்டயம் முடித்தவர்கள் நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பதால் இந்தப் பாதையில் வாசல் அடைபடாது. மருத்துவம் என்ற எண்ணம் ஒரு மூலையில் இருந்தால் மட்டும் பாலிடெக்னிக் வேண்டாம், நீட் தேர்வுக்குப் பிளஸ் டூவில் உயிரியல் வேண்டும். பெண்ணுக்கு எலெக்ட்ரிகல் சரிவருமா என்று நீங்கள் கேட்கவில்லை. அதற்காகவே உங்களைப் பாராட்ட வேண்டும்.

அரசுப் பாலிடெக்னிக்குக்கு இணையத்தில் விண்ணப்பித்துவிட்டீர்களா? சென்னைத் தரமணி, கோவை, மதுரை ஆகிய ஊர்களில் மகளிருக்கென்றே அரசுப் பாலிடெக்னிக்குகள் இருக்கின்றன. உங்கள் பக்கத்து அரசுப் பாலிடெக்னிக்கையும் சேர்த்துப் போடுங்கள். அந்தத் தனியார் கல்லூரிக்கு நீங்களே நேரில் போய்ப் பார்த்துவிட்டு, பிடித்திருந்தால் நேராகச் சேருங்கள், இடையில் யாரும் வேண்டாம்.

மாற்றுச் சான்றிதழை இன்னும் வாங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போதைக்கு வாங்க வேண்டாம், பள்ளியிலேயே இருக்கட்டும். எதுவும் சரிப்படாவிட்டால் அதே பள்ளியில் பிளஸ் ஒன் சேர அலைச்சல் இருக்காது. திங்கட்கிழமை அவர் வந்து கேட்டாலும், சான்றிதழ் பள்ளியில் இருக்கிறது என்று உண்மையையே சொல்லி அனுப்பிவிடலாம்.