கொஞ்சம் தண்ணீரில் துணி வெளுக்குமா?

கேள்வி: ஃப்ரன்ட் லோடு வாஷிங் மெஷினில் அடியில் கொஞ்சம் தண்ணீர்தான் தெரிகிறது. துணி உண்மையில் சுத்தமாகுமா?

பதில்: நன்றாகவே சுத்தமாகும். டாப் லோடில் துணி மூழ்கி அலைய வேண்டும், அதனால் தொட்டி நிறையத் தண்ணீர் தேவை. இதிலோ டிரம் படுத்தவாக்கில் சுற்றுகிறது, உள்ளே இருக்கும் மேடுகள் ஈரத்துணியை மேலே தூக்கிப்போய்த் தொப்பென்று கீழே போட, கல்லில் அடித்துத் துவைப்பது போல ஒவ்வொரு முறையும் சோப்புத் தண்ணீர் இழைக்குள் புகுந்து அழுக்கைக் கிளப்புகிறது. தண்ணீர் குறைவென்பதால் அதைச் சூடாக்கும் மின்சாரமும் குறைவு. ஆனால் டிரம்மைத் திணித்து நிரப்பாதீர்கள், துணி விழ இடம் வேண்டுமே! அப்புறம், நுரை அதிகமானால் அது மெத்தை மாதிரி துணி விழும் வேகத்தைத் தாங்கிக்கொள்ளும், அதனால் நுரை குறைவான, ஃப்ரன்ட் லோடுக்கென்றே வரும் சோப்பையே அளவாகப் போடுங்கள்.