ஃபார்மில் அனுப்பிய தகவல் எங்கே போனது? (கேள்வி பதில்)

மார்த்தாண்டத்திலிருந்து: அண்ணா, தேன் ஆர்டர் ஃபார்ம் வைத்திருக்கிறோம். பட்டனை அழுத்தினால் அடுத்த பக்கம் வருகிறது, ஆனால் பெயர், முகவரி எல்லாம் காலி. பிழைச் செய்தியும் இல்லை.

புரோகிராம் கோடைத் தொடாதீர்கள். ப்ரௌசரில் எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதியில் 'பிரிசர்வ் லாக்' டிக் செய்துவிட்டு ஃபார்மை அனுப்புங்கள். டிக் இல்லாவிட்டால் பக்கம் மாறியதும் பழைய வரிகள் அழிந்துவிடும். போஸ்ட் என்றால் நிரப்பியதை உள்ளே வைத்து அனுப்புவது, கெட் என்றால் பக்கத்தைக் கேட்பது. 301 என்றால் 'முகவரி மாறிவிட்டது, அங்கே போ', 200 என்றால் 'சரி' என்று சர்வர் சொல்லும் பதில். முதல் வரி போஸ்ட் 301, அடுத்தது கெட் 200 என்று இருந்தால் தகவல் வழியிலேயே விழுந்துவிட்டது. ஃபார்மை அனுப்பும் முகவரியான ஆக்ஷனில் 'ஆர்டர்' என்று மட்டும் எழுதி, சர்வரில் அது ஃபோல்டராக இருந்தால், அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருள் கடைசியில் ஒரு சாய்கோடு சேர்த்து 301 கொடுக்கும். ப்ரௌசர் புது முகவரிக்கு கெட்டாகப் போகும், நிரப்பியது கூடப் போகாது. எச்டிடிபியிலிருந்து எச்டிடிபிஎஸ்சுக்கு 301-ஆல் திருப்பும்போதும் இதே கதைதான். முகவரியை முழுதாக, சாய்கோட்டோடு எழுதுங்கள்.

போஸ்ட் நேராக 200 வாங்கியும் காலி என்றால், படம் ஏற்றுகிற ஃபார்மா என்று பாருங்கள். சர்வரில் ஓடும் நிரல்மொழியான பிஎச்பியில், ஒரு ஃபார்ம் அனுப்பக்கூடிய மொத்த அளவு வழக்கமாக 8 எம்பி. அதைத் தாண்டினால் தகவல் வந்து சேரும் போஸ்ட், ஃபைல்ஸ் என்ற இரண்டு மாறிகளும் வெறுமையாகத்தான் கிடைக்கும்.

தக்கலையிலிருந்து: வருகிற தகவலை எல்லாம் ஒரு ஃபைலில் எழுதிப் பார்க்கலாமா?

சோதனைக்குப் பார்க்கலாம். பாஸ்வேர்டையும் ஓடிபியையும் எழுதவே கூடாது. ஃபைல் வெளியிலிருந்து திறக்க முடியாத ஃபோல்டரில் இருக்கட்டும், வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

கன்னியாகுமரி லாட்ஜ் ஒன்றிலிருந்து: ரூம் புக் செய்தவர் ரீஃப்ரெஷ் அழுத்தினால் இரண்டு புக்கிங் விழுகிறது.

சேமித்ததும் 303 ('அந்தப் பக்கத்துக்குக் கெட்டாகப் போ' என்ற பதில்) கொடுத்து நன்றிப் பக்கத்துக்கு அனுப்புங்கள். ரீஃப்ரெஷ் கடைசியாகப் போனதைத்தான் திரும்ப அனுப்பும், 303-க்கு அப்புறம் கடைசியாகப் போனது கெட். போக வேண்டிய முகவரியைச் சொல்லும் லொகேஷன் ஹெடருக்கு அடுத்த வரியில் எக்ஸிட் போட மறக்காதீர்கள். ஹெடர் எழுதியதால் ஸ்கிரிப்ட் நிற்காது, கீழே உள்ளதும் ஓடும். பட்டனை இரண்டு தடவை தட்டுகிறவர்களை 303 தடுக்காது. அதற்கு ஒவ்வொரு ஃபார்முக்கும் ஒருமுறை மட்டும் செல்லும் டோக்கன், அதாவது அடையாளக் குறி, வேண்டும்.

குளச்சலிலிருந்து: ரீஃப்ரெஷ் செய்தால் இரண்டு ஆர்டர் வருகிறது.

மேலே லாட்ஜுக்குச் சொன்னதுதான்.

குலசேகரத்திலிருந்து: 303 எதற்கு? பத்து வருஷமாக 302 போடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை.

ஆகாமல் இருப்பதற்குக் காரணம் ப்ரௌசர்களின் பழக்கம். 302 ('இப்போதைக்கு அங்கே போ') வந்தால் போஸ்ட், கெட் என்ற முறையை மாற்றக்கூடாது என்பதுதான் பழைய விதி. ப்ரௌசர்கள் கெட்டாக மாற்றிக்கொண்டே இருந்தன. குழப்பம் தீர, கெட்டாகப் போ என்று சொல்ல 303-உம், போஸ்டாகவே போ என்று சொல்ல 307-உம் வந்தன. 2022-இல் வந்த, எச்டிடிபி விதிகளைச் சொல்லும் ஆர்எஃப்சி 9110 கூட 302-க்கு 'மாற்றலாம்' என்றுதான் சொல்கிறது. ப்ரௌசரை நம்பி எழுதுவதைவிட, நினைத்ததை எண்ணிலேயே சொல்லுங்கள்.

குலசேகரம், மறுபடியும்: அப்படியானால் எல்லாவற்றுக்கும் 307 போட்டால் தகவல் தொலையாதே?

தொலையாதுதான், அங்கேதான் ஆபத்தும். லாகின் ஃபார்மை 307-ஆல் வேறு தளத்துக்குத் திருப்பினால் பாஸ்வேர்டும் அப்படியே அங்கே போகும். திருப்பும் முகவரியை யூஆர்எல்லில் இருந்து எடுக்கிறீர்கள் என்றால், போகும் இடத்தைத் தீர்மானிப்பது இணைப்பை எழுதியவர், நீங்கள் அல்ல. அனுமதித்த முகவரிப் பட்டியல் ஒன்று வைத்து அதிலிருந்து மட்டும் எடுங்கள். சேமித்த பிறகு 307 போட்டால் போஸ்ட் இன்னொரு முறை போகும், லாட்ஜ்காரர் பிரச்சினை திரும்ப வரும்.

திங்கள்நகரிலிருந்து: ரீஃப்ரெஷ் செய்தால்...

303. மூன்றாவது தடவை சொல்கிறேன், மேலே உள்ளதைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து: லாகின் ஃபார்மில் மெத்தட் கெட் என்று இருக்கிறது. நன்றாகத்தான் ஓடுகிறது.

இன்றே மாற்றுங்கள். கெட்டில் எல்லாம் யூஆர்எல்லில் வரும், சர்வரின் அக்சஸ் லாகில் வரி வரியாகப் பதியும். தக்கலைக்காரருக்குச் சொன்னதேதான்: பாஸ்வேர்டு லாகில் இருக்கக்கூடாது. பழைய லாகையும் அழித்து, எல்லோரையும் பாஸ்வேர்டு மாற்றச் சொல்லுங்கள்.

தோவாளையிலிருந்து: ஊர்ப்பெயருக்கு 30 எழுத்து வரம்பு வைத்தேன். தமிழில் 'கன்னியாகுமரி' என்று எழுதினாலே தள்ளிவிடுகிறது.

நல்ல கேள்வி. பிஎச்பியில் நீளம் பார்க்கும் எஸ்டிஆர்லென் எண்ணுவது பைட்டை. எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். கன்னியாகுமரியில் புள்ளி, கொம்பு எல்லாம் சேர்த்து 12 குறிகள், ஆக 36 பைட். குறிகளை எண்ணும் எம்பி எஸ்டிஆர்லென் 12 என்று சொல்லும். நாம் எண்ணுவது போல 7 வேண்டுமென்றால் பிஎச்பியின் இன்டில் நீட்சியில் உள்ள கிராஃபீம் எஸ்டிஆர்லென் பயன்படுத்துங்கள்.