கையெழுத்திடும் முன் அந்தத் தாளின் தலைப்பைப் படியுங்கள்

கேள்வி: நாங்கள் கலிஃபோர்னியாவுக்கு வந்து 12 ஆண்டுகள் ஆகின்றன. கணவர் எச்-1பி விசாவில் இருக்கிறார். கிரீன் கார்டு வரிசையில் காத்திருக்கிறோம். நான்கு வயதில் இங்கு வந்த மூத்த மகனுக்கு இப்போது 16 வயது, பதினொன்றாம் வகுப்பு. சென்ற ஆண்டிலிருந்தே வகுப்புகளுக்கு மட்டம் போட்டிருக்கிறான். எங்களுக்குத் தெரியவே இல்லை. இரண்டு முறை பள்ளிக் கழிப்பறையில் வேப் எனும் மின்சிகரெட்டுடன் பிடிபட்டான். இரண்டாவது முறை அதில் கஞ்சா எண்ணெய் இருந்ததாம். மூன்று நாள் இடைநீக்கம் செய்தார்கள். இப்போது 'கன்டினுவேஷன் ஹைஸ்கூல்' என்ற மாற்றுப் பள்ளிக்குப் போகச் சொல்கிறார்கள். அதன் விதிப் புத்தகம் முழுக்க வருகை, போதைப்பொருள், ஒழுங்கு என்று எச்சரிக்கைதான். கையெழுத்துக்காக ஒரு தாளும் வந்திருக்கிறது. அது கெட்டுப்போன பிள்ளைகள் படிக்கும் இடம் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். கோவையில் மாமனார் வீட்டுக்கு அனுப்பி அங்கே விடுதிப் பள்ளியில் சேர்த்துவிடலாம் என்கிறார் கணவர். அவர் மகனிடம் பேசி மூன்று வாரம் ஆகிறது. நான் என்ன செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பள்ளி சொன்னது, கணவர் சொன்னது, தெரிந்தவர் சொன்னது எல்லாம் அதில் இருக்கின்றன. உங்கள் மகன் சொன்னதாக ஒரு வரிகூட இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தத் தாள்.

கலிஃபோர்னியாவில் ஒரு மாணவர் கன்டினுவேஷன் பள்ளிக்குப் போக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, குடும்பம் விரும்பி மாறுவது. மற்றொன்று, பள்ளி மாவட்டம், அதாவது உங்கள் பகுதிப் பொதுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம், கட்டாயமாக மாற்றுவது. விரும்பி மாறினால் அடுத்த கல்வியாண்டின் தொடக்கத்தில் பழைய பள்ளிக்குத் திரும்பும் உரிமை சட்டப்படி உங்கள் மகனுக்கு இருக்கிறது. மாவட்டம் இசைந்தால் அதற்கு முன்பும் திரும்பலாம். கட்டாய மாற்றம் என்றால் எழுத்தில் அறிவிப்பு தர வேண்டும். நீங்கள் கேட்டால் மாற்றத்துக்கு முன்பே பள்ளி மாவட்ட அதிகாரி உங்களைச் சந்திக்க வேண்டும். அந்தச் சந்திப்பில் அவர்கள் காட்டும் ஆவணங்களை நீங்கள் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம், உங்கள் தரப்பைச் சொல்ல ஒருவரை உடன் அழைத்துப் போகலாம். இறுதி முடிவெடுப்பவர்களில் அவன் படிக்கும் பள்ளியின் ஊழியர் யாரும் இருக்கக் கூடாது. கட்டாய மாற்றம் அடுத்த செமஸ்டர் முடிவுக்கு மேல் நீளவும் கூடாது; ஆண்டுதோறும் மறுபரிசீலனை செய்யும் முறையை மாவட்டம் வைத்திருந்தால் மட்டுமே நீட்டலாம்.

உங்கள் கையில் இருப்பது எந்தத் தாள் என்று பாருங்கள். தலைப்பைப் பார்த்துப் புரியவில்லை என்றால் கவுன்சிலரிடம் (பள்ளியின் மாணவர் ஆலோசகர்) நேராகக் கேளுங்கள், பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். விரும்பி மாறும் தாளாக இருந்தால், திரும்பி வரும் உரிமையும் அதில் எழுதப்பட்டிருந்தால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் கையெழுத்திடுவேன். இதை யோசித்துத்தான் சொல்கிறேன்.

'கெட்டுப்போன பிள்ளைகள் படிக்கும் இடம்' என்பது தவறு. அதை நம்பி ஒரு முடிவும் எடுக்காதீர்கள். பள்ளியை விட்டு நீக்கப்பட்ட மாணவர்களுக்கான ஏற்பாடு வேறு. கன்டினுவேஷன் கல்வி 1919இல் தொடங்கியது, வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பதின்பருவத்தினருக்காக. இன்றும் 16 வயது ஆனவர்களுக்கான ஏற்பாடு அது. வேலைக்குப் போகாதவர் வாரத்துக்கு 15 மணி நேரம் வர வேண்டும், முறையாக வேலை பார்ப்பவர் குறைந்தது 4 மணி நேரம். அங்கே குழந்தை பெற்ற பெண்ணும் இருப்பாள், குடும்பத்துக்காக இரவு வேலை பார்க்கும் பையனும் இருப்பான், உங்கள் மகனைப்போல் வழி தவறியவனும் இருப்பான். வகுப்பில் ஆட்கள் குறைவு. வழக்கமான பள்ளியில் ஒரு செமஸ்டர் பாடத்தை முழுதாக முடித்தால்தான் 5 கிரெடிட், அதாவது பள்ளிப் படிப்பை முடிக்கச் சேர்க்க வேண்டிய புள்ளிகள். இத்தகைய பள்ளிகள் பலவற்றில் முடித்த வேலைக்கு ஏற்பக் கொஞ்சம் கொஞ்சமாகத் தருவார்கள். பாதி செமஸ்டரைத் தொலைத்துவிட்டு நிற்கும் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று நினைத்துப் பாருங்கள்.

இனி அந்த விதிப் புத்தகம். மூன்று விதிகளைச் சொன்னீர்கள். அவற்றில் உங்கள் மகனைக் காப்பாற்றப்போவது வருகை விதிதான் என்று நான் நம்புகிறேன். வேப் கண்ணுக்குத் தெரிந்ததால் அதைப் பிடித்தார்கள். அதற்கு முன்பே, ஓர் ஆண்டாக, அவன் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. அது யாருக்கும் உறைக்கவில்லை.

இந்த மாநிலத்தில் தகுந்த காரணம் இல்லாமல் மூன்று முழு நாள் வராவிட்டாலோ, மூன்று முறை 30 நிமிடத்துக்கு மேல் தாமதமானாலோ, சட்டப்படி அவன் மட்டம் போடுபவன் என்ற கணக்கில் வந்துவிடுகிறான். அப்போதே உங்களுக்கு அறிவிப்பு வந்திருக்க வேண்டும். உங்களுக்குத் தெரியவில்லை என்றால், பள்ளிப் பதிவில் யாருடைய தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் இருக்கின்றன என்று இன்றே பாருங்கள். தானியங்கி அழைப்பு, கணவர் எடுக்காத எண்ணுக்குப் போய்க்கொண்டிருக்கலாம். எண்ணை மகனே மாற்றியும் இருக்கலாம். அடுத்து, பாடவேளைவாரியான வருகைப் பதிவை அச்சிட்டு வாங்குங்கள். எல்லா நாளும் வரவில்லையா, குறிப்பிட்ட ஒரே பாடவேளையில் மட்டும் இல்லையா, உணவு இடைவேளைக்குப் பிறகுதான் காணாமல் போகிறானா, எந்த மாதத்தில் தொடங்கியது? ஒரு குறிப்பிட்ட வகுப்பை மட்டும் ஒரு பிள்ளை மாதக்கணக்கில் தவிர்த்தால் அந்த வகுப்பில் ஏதோ இருக்கிறது: புரியாத கணக்கோ, துன்புறுத்தும் ஒருவனோ, அவமானப்பட்ட ஒரு நாளோ. போதையைப் பற்றி அவனிடம் கேட்பதைவிட இந்தத் தாளை நடுவில் வைத்துக் கேட்பது எளிது. பதிலும் வரும்.

கன்டினுவேஷன் பள்ளியில் வருகையை மணிக்கணக்கில் எண்ணுகிறார்கள். ஒருவன் ஒரு மணி நேரம் இல்லையென்றால் அன்றே தெரிந்துவிடும். அதனால்தான் அந்த விதிகள் உங்களுக்குக் கடுமையாகத் தெரிகின்றன. அந்தக் கடுமையை நீங்கள் வரவேற்க வேண்டும். உங்கள் பங்குக்கு இரண்டு செய்யுங்கள். அவன் போகாத நாளில் 'காய்ச்சல்' என்று பள்ளிக்குப் பொய் சொல்லாதீர்கள். உண்மையிலேயே மனம் சரியில்லை என்றால் அதையே சொல்லலாம். 2022 முதல் மனநலத்துக்காக எடுக்கும் விடுப்பும் தகுந்த காரணமாகவே ஏற்கப்படுகிறது. இரண்டாவது, டிசம்பரில் கல்யாணம் என்று மூன்று வாரம் ஊருக்குப் போகும் பழக்கம் நம்மவர்கள் பலருக்கும் உண்டு. பள்ளி நாட்களில் அது காரணமற்ற விடுப்பாகப் பதிவாகலாம். இந்த ஆண்டு வேண்டாம்.

போதைப்பொருள் விதியைப் பற்றிச் சுருக்கமாக. நியாயமான சந்தேகம் இருந்தால் பள்ளி அவன் பையைச் சோதிக்கலாம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1985இலேயே இதற்கு அனுமதி அளித்துவிட்டது. இடைநீக்கம் ஒரு முறைக்கு ஐந்து நாளுக்கு மேல் கூடாது. விற்றான் என்று வந்தால் கதையே வேறு, பள்ளியை விட்டு நீக்கும் பரிந்துரை தவிர்க்க முடியாதது. ஆகவே நண்பனுக்காக 'வைத்துக்கொண்டிருப்பது', 'கைமாற்றிக் கொடுப்பது' எவ்வளவு ஆபத்து என்பதை அவன் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். இடைநீக்கத்துக்குப் பதிலாகப் போதைப்பழக்கம் பற்றிய வகுப்பு உண்டா என்றும் கேளுங்கள். ஸ்டான்ஃபோர்டு மருத்துவப் பள்ளி இதற்கென்றே இலவசப் பாடத்திட்டம் தயாரித்திருக்கிறது. பள்ளிகள் அதைப் பயன்படுத்தலாம்.

கடையில் சிறுநீர்ச் சோதனைப் பெட்டி வாங்கி வீட்டில் சோதிக்கலாமா என்று தோன்றும். வேண்டாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் அதைப் பரிந்துரைப்பதில்லை. அடிக்கடி புகைத்தவர் விட்ட பிறகும் சில வாரங்களுக்குச் சோதனையில் கஞ்சா தெரியலாம். விட்டுவிட்ட பிள்ளையை நீங்கள் பொய்யன் என்று சொல்ல நேரும். அவனுடைய மருத்துவரிடம் அழைத்துப் போய், நீங்கள் வெளியே உட்காருங்கள். 12 வயதிலிருந்தே இதற்கான ஆலோசனைக்குத் தானே ஒப்புதல் தரும் உரிமை இந்த மாநிலத்தில் பிள்ளைகளுக்கு உண்டு. மருத்துவர் உங்களிடம் எல்லாவற்றையும் சொல்ல மாட்டார். வருத்தமாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் அவன் உண்மையைச் சொல்வான். விட்ட முதல் ஓரிரு வாரங்கள் தூக்கம் வராது, சாப்பாடு இறங்காது, சொன்னதற்கெல்லாம் எரிந்து விழுவான். திமிர் என்று நினைத்துவிடாதீர்கள். இன்னொன்று: தொலைபேசி வழியே வாங்கும் போலி மாத்திரைகளில் ஃபென்டனில் என்ற மிகக் கடுமையான போதைமருந்து கலந்திருக்கலாம். ஒன்றே உயிரைப் பறிக்கலாம். மூச்சைத் திரும்பக் கொண்டுவரும் நார்கான் மூக்குத் தெளிப்பான் 2023 முதல் மருத்துவர் சீட்டு இல்லாமலே கடைகளில் கிடைக்கிறது. வாங்கி வீட்டில் வையுங்கள், எங்கே இருக்கிறது என்று அவனிடமும் சொல்லுங்கள்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று. கலிஃபோர்னியாவில் 2016 வாக்கெடுப்புக்குப் பிறகு 21 வயது நிரம்பியவர்கள் கஞ்சா வைத்திருக்கலாம். கடைகளைப் பார்த்துப் பிள்ளைகள் அது சாதாரணம் என்று நினைக்கிறார்கள். ஆனால் விசா, கிரீன் கார்டு எல்லாம் மத்தியச் சட்டம். அங்கே அது இன்னமும் கட்டுப்படுத்தப்பட்ட பொருள். பள்ளி எடுத்த நடவடிக்கை நீதிமன்றத் தண்டனை ஆகாது. அதற்காக நடுங்க வேண்டாம். ஆனால் காவல்துறையிலிருந்து ஏதாவது தாள் வந்தாலோ, 'கஞ்சா வைத்திருந்தேன்' என்று எழுதித் தரச் சொன்னாலோ, முதலில் குடியேற்ற வழக்கறிஞரிடம் காட்டுங்கள். வேப்பில் இருந்தது கஞ்சா எண்ணெய்தான் என்று எப்படித் தெரிந்தது, யார் சோதித்தார்கள், பதிவில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் பள்ளி மாவட்ட அதிகாரியுடனான சந்திப்பிலேயே கேட்டு வையுங்கள்.

கோவைக்கு அனுப்பும் யோசனையை நான் ஏற்காததற்கு இதுவும் ஒரு காரணம். அவன் எச்-1பி விசாக்காரரின் குடும்பத்துக்கான எச்-4 விசாவில் இருப்பதாகத்தான் உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. அங்கே போனால், திரும்பி வருவதற்குப் புதிதாக விசா முத்திரை தேவைப்படலாம். அந்த விண்ணப்பத்தில் போதைப்பொருள் பழக்கம் பற்றி ஒரு கேள்வி இருக்கிறது. பொய் சொல்லவும் முடியாது, யோசிக்காமல் பதில் எழுதவும் கூடாது. ஒரு கோபத்தில் விமானம் ஏற்றிவிட்டால், மீண்டும் ஒரே வீட்டில் இருக்க உங்களுக்கு எத்தனை காலம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அவனுக்குத் தமிழ் எழுதத் தெரியுமா? பதினொன்றாம் வகுப்பின் நடுவில், தெரியாத பாடத்திட்டத்தில், தெரியாத விடுதியில் அவன் யாரிடம் போய்ப் பேசுவான்? தாத்தா பாட்டிக்கு அவன் நிலை தெரியாது, நீங்களும் சொல்ல மாட்டீர்கள். ஓர் ஆண்டாக யார் கண்ணிலும் படாமல் இருந்து கற்றுக்கொண்ட பிள்ளையை இன்னும் தூரத்துக்கு அனுப்புவதா? எனக்கு மனம் ஒப்பவில்லை.

கணவருக்கு இந்த ஒரு பத்தியையாவது படித்துக் காட்டுங்கள். ஐயா, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. விசாவுக்காக இத்தனை ஆண்டு பல்லைக் கடித்துக்கொண்டு உழைத்தது இவனுக்காகத்தான். ஆனால் உங்கள் மௌனத்தை அவன் தண்டனையாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்பா என்னைக் கைவிட்டுவிட்டார் என்று எடுத்துக்கொள்கிறான். புதிய பள்ளிக்குக் காலையில் நீங்களே காரில் கொண்டுபோய் விடுங்கள். அறிவுரை வேண்டாம். பாட்டு வேண்டுமானால் ஓடட்டும். 15 நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து போனாலே போதும்.

கல்லூரிக் கவலையும் உங்களுக்கு இருக்கும். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் கேட்கும் 15 பாடங்களும், குறிப்பாக ஆய்வக அறிவியல், அந்தப் பள்ளியில் முழுதாக இல்லாமல் இருக்கலாம். எத்தனை கிரெடிட் கையில் இருக்கிறது, உயர்நிலைப் பள்ளிப் பட்டயத்துக்கு இன்னும் எத்தனை வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்; பல மாவட்டங்கள் 220 கேட்கின்றன. பட்டயம் கிடைத்தால், இரண்டு ஆண்டுப் படிப்பு தரும் சமூகக் கல்லூரி திறந்தே இருக்கிறது. அங்கே இரண்டு ஆண்டு நன்றாகப் படித்தவர்களுக்கு டேவிஸ், இர்வைன், சான்டா குரூஸ் உட்பட அதே பல்கலைக்கழகத்தின் ஆறு வளாகங்கள் உறுதியான இடம் தரும் திட்டம் வைத்திருக்கின்றன.

மாவட்ட அதிகாரியைச் சந்திக்கப் போகும்போது மகனையும் அழைத்துப் போங்கள். போவதற்கு முந்தைய இரவு, இந்தப் புதிய பள்ளிக்குப் போக உனக்கு விருப்பமா, போனால் எந்த நேரம் உனக்குக் கடினம் என்று அவனிடம் கேளுங்கள். முதல் பதில் 'தெரியாது' என்றுதான் வரும். எழுந்து போய்விடாமல் உட்கார்ந்திருங்கள்.

கோவையில் கேட்டால், 'பள்ளி மாறியிருக்கிறான், சின்ன வகுப்பு, சீக்கிரம் முடிந்துவிடுகிறது' என்று சொல்லுங்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. மற்றதை யாரிடம், எப்போது சொல்வது என்பதை அவனே முடிவு செய்யட்டும்.