சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்ததால்தானே பணக்கார நாடானது? மத்திய அரசுக்கு அதிக வரி கட்டும் மற்ற மாநிலங்களும் பிரிந்தால் லாபம்தானே?

மத்திய அரசுக்கு வரி கட்டி அலுத்துப்போன எந்த வட்டாரத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலும் "சிங்கப்பூரைப் பாருங்கள்" என்று ஒருவர் சொல்லிவிடுகிறார். இந்த வாதத்துக்கு சிங்கப்பூர் பொருத்தமான சாட்சி இல்லை. அது அவ்வளவு வேகமாகப் பிரிய முடிந்ததற்குக் காரணமே முழுதாகச் சேராமல் இருந்ததுதான்.

1963 செப்டம்பர் 16இல் மலேசியா உருவானபோது கல்வியும் தொழிலாளர் விவகாரமும் சிங்கப்பூர் கையிலேயே இருந்தன. குடியுரிமை தனி, அரசாங்க ஊழியரணி தனி. மத்திய வரிகளையும் இங்கே சிங்கப்பூர் அரசாங்கமே வசூலித்தது. வசூலானதில் 60 விழுக்காடு இங்கே, 40 விழுக்காடு கோலாலம்பூரிலுள்ள மத்திய அரசுக்கு. இத்தனை சலுகைக்கும் விலை இருந்தது. கூட்டரசு நாடாளுமன்றத்தின் 159 இடங்களில் சிங்கப்பூருக்குக் கிடைத்தவை 15 மட்டுமே. சிங்கப்பூர் மக்கள்தொகையில் பாதிகூட இல்லாத சரவாக் மாநிலத்துக்கு 24. ஒரே வீட்டில் தனி உலை வைத்த ஏற்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் பிரிந்த நாளான 1965 ஆகஸ்ட் 9 அன்று புதிதாக ஒரு வரித்துறையையோ கல்வி அமைச்சையோ தேட வேண்டியிருக்கவில்லை. நூறு, நூற்றைம்பது ஆண்டுகள் ஒரே நிர்வாகத்தில் ஊறிய மாநிலத்துக்கு இது நடக்காது.

பணத் தகராறு இருந்ததா? நிச்சயமாக இருந்தது. சபா, சரவாக் வளர்ச்சிக்கு 150 மில்லியன் வெள்ளி (டாலர்) கடன் தருவதாகச் சிங்கப்பூர் ஒப்புக்கொண்டிருந்தது. அதில் 100 மில்லியனுக்கு முதல் ஐந்து ஆண்டுகள் வட்டி கிடையாது. பதிலுக்குக் கேட்டது பொதுச் சந்தை, அதாவது மலேசியா முழுக்கத் தீர்வையில்லாத வணிகம். அந்தச் சந்தை பேச்சோடு நின்றது. 1964 கடைசியில் மத்திய நிதியமைச்சர் டான் சியூ சின் 40 விழுக்காட்டை 60 ஆக்கக் கேட்டார். ஆனால் பிரிவுக்கு அதுவே காரணம் என்று சொல்வது கணக்குப்பிள்ளையின் வரலாறு. 1964 ஏப்ரல் தேர்தலில் சிங்கப்பூரை ஆண்ட மக்கள் செயல் கட்சி மலேசியத் தீபகற்பத்தில் இறங்கியது, ஜூலையிலும் செப்டம்பரிலும் இனக்கலவரம், 1965 மே மாதம் எதிர்க்கட்சிகள் சேர்ந்த மலேசிய ஒற்றுமை மாநாட்டு அணி என்று வரிசையாக வந்தவை யார் கையில் நாடு என்ற சண்டை. விழுக்காட்டைப் பேசி முடித்திருக்கலாம். இதைப் பேசி முடிக்க முடியவில்லை.

இனி, "நாங்கள் கொடுப்பது அதிகம், வருவது குறைவு" என்ற கணக்கைப் பார்ப்போம். எந்த வட்டாரத்தின் கணக்கை நீட்டினாலும் முதலில் மூன்று இடங்களைச் சோதியுங்கள். ஒன்று, சுங்க வரி. துறைமுகத்தில் வசூலாகும் தீர்வை உள்நாட்டில் வேறு எங்கோ பொருளை வாங்குபவர் பையிலிருந்து வருவது. வசூலான ஊரின் பங்களிப்பாக எழுதினால் துறைமுக நகரம் எப்போதும் வள்ளலாகத் தெரியும். இரண்டு, நிறுவன வரி. நாடு முழுக்கக் கடை வைத்திருக்கும் நிறுவனம் தலைமையகம் இருக்கும் ஊரில் வரி கட்டும். மூன்றாவதுதான் பெரிய தகராறு: ராணுவம், தூதரகங்கள், பழைய கடனுக்கு வட்டி. இவற்றை எந்த மாநிலத்தின் பெயரில் எழுதுவது? ஸ்பெயினில் கேட்டலோனியா வட்டாரத்தின் கணக்கை இரு முறைகளில் போடுகிறார்கள். பணம் எங்கே செலவானது என்று பார்த்தால் ஒரு விடை, பலன் யாருக்குப் போனது என்று பார்த்தால் பற்றாக்குறை சுருங்கிய இன்னொரு விடை. பிரிவினை கேட்பவர் முதலாவதையும் எதிர்ப்பவர் இரண்டாவதையும் காட்டுவார். இருவரும் பொய் சொல்லவில்லை. பிரிந்த பிறகு ராணுவமும் தூதரகங்களும் சொந்தச் செலவு என்பதால், மிச்சமாகும் என்று சொன்ன பணத்தில் ஒரு பகுதி முதல் ஆண்டிலேயே அங்கே போய்விடும்.

நாணயத்தைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்; பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். கொடி தனியான பிறகும் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் சிங்கப்பூரும் மலேசியாவும் ஒரே நாணயத்தைப் பயன்படுத்தின. பொது நாணயத்தைத் தொடரப் பேசினார்கள். தன் அந்நியச் செலாவணிக் கையிருப்பு சட்டப்படி தன்னுடையதாகவே இருக்க வேண்டும் என்று சிங்கப்பூர் கறாராக நின்றது, 1966 ஆகஸ்டில் பேச்சு முறிந்தது. 1967 ஜூன் 12 முதல் மலேசியா, சிங்கப்பூர், புருணை மூன்றும் தனித்தனி நோட்டு வெளியிட்டன. சிங்கப்பூர் வெள்ளிக்கு முழு அளவு வெளிநாட்டுச் சொத்து ஈடாக இருக்க வேண்டும் என்று சட்டமே போட்டார்கள். மூன்று நாணயங்களும் ஒன்றுக்கு ஒன்று மாறின, பழைய நோட்டும் கூடவே புழங்கியது. எல்லாம் சுமுகம் என்று நினைத்திருந்தபோது அந்த நவம்பரில் பிரிட்டன் பவுண்டின் மதிப்பை 14.3 விழுக்காடு குறைத்தது. புது நாணயங்கள் அசையவில்லை. பவுண்டோடு கட்டப்பட்டிருந்த பழைய நோட்டு மட்டும் விழுந்தது: ஒரு வெள்ளி 85 காசு. பழைய நோட்டை வீட்டில் வைத்திருந்தவர்கள் ஒரே இரவில் ஏழில் ஒரு பங்கை இழந்தார்கள். மலேசியாவின் பினாங்கில் கடையடைப்பு கலவரமாகியது. பழையதும் புதியதும் ஒன்றாகப் புழங்கும் மாதங்களே ஆபத்தானவை. அடி வாங்குவது வங்கிக்குப் போகாத ஏழை. 1973 மே மாதம் மலேசியா அந்த ஒன்றுக்கு ஒன்று ஏற்பாட்டை முடித்துக்கொண்டது. பங்குச் சந்தையும் அதே ஆண்டு இரண்டானது. புருணை வெள்ளி மட்டும் இன்றும் நம் சிங்கப்பூர்க் கடைகளில் சரிக்குச் சரி செல்லும்.

செக்கோஸ்லோவாக்கியாவில் இதைவிட மோசம். 1993 ஜனவரி 1இல் சண்டையில்லாமல் பிரிந்தார்கள், கூட்டரசின் சொத்தை மக்கள்தொகைப்படி இரண்டுக்கு ஒன்று என்று பங்கிட்டார்கள். பொது நாணயம் குறைந்தது ஆறு மாதமாவது நீடிக்கும் என்பது திட்டம். ஸ்லோவாக் நாணயம் மதிப்பிழக்கும் என்று பயந்தவர்கள் பணத்தை செக் வங்கிகளுக்கு மாற்ற, பிப்ரவரி 8ஆம் தேதியே கதை முடிந்தது. பழைய நோட்டுகளில் முத்திரை ஒட்டிச் சமாளித்தார்கள். பிரிவு வரும் என்று தெரிந்த நாளிலேயே பணம் ஓடத் தொடங்கும் என்பதால் நாணய முடிவை ரகசியமாகத் தயாரித்து, அறிவித்தவுடன் செயல்படுத்த வேண்டும். பொதுவாக்கெடுப்பு நடத்திப் பிரிகிறவர்களுக்கு அந்த வசதி கிடைப்பதில்லை.

தண்ணீரில் சிங்கப்பூர் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டது. பக்கத்து மலேசிய மாநிலமான ஜொகூருடனான 1961, 1962 தண்ணீர் ஒப்பந்தங்களுக்கான உத்தரவாதத்தைப் பிரிவினை ஆவணத்திலேயே எழுத வைத்து, ஐக்கிய நாடுகள் சபையிலும் பதிவு செய்தது. 1962 ஒப்பந்தப்படி 2061 வரை நாளுக்கு 250 மில்லியன் கேலன் எடுக்கலாம், ஆயிரம் கேலனுக்கு 3 சென் (மலேசியக் காசு). அந்த 3 சென்னைப் பற்றிய சச்சரவு ஓய்ந்தபாடில்லை. குழாய் மூடப்படவும் இல்லை. தென்சூடான் இதற்கு நேரெதிர். 2011 ஜூலையில் எண்ணெய்க் கிணறுகளில் பெரும்பகுதியோடு பிரிந்தது, கடலுக்குப் போகும் குழாயோ வடக்கே சூடானில். குழாய்க் கட்டணத்தை முடிவு செய்யாமலே சுதந்திரம் வாங்கியதால் 2012 ஜனவரியில் தன் எண்ணெய் உற்பத்தியைத் தானே நிறுத்தும் நிலைக்கு வந்தது.

சந்தை விஷயத்தில் சிங்கப்பூருக்கு நட்டம்தான். 19 லட்சம் பேர் கொண்ட ஊரில் உள்நாட்டுக்காக ஆலை நடத்த முடியாது. இரு பக்கமும் தீர்வையும் ஒதுக்கீட்டு வரம்பும் எழும்பின. போதாததற்கு 1968 ஜனவரியில் ராணுவத் தளங்களை 1971க்குள் மூடுவதாக பிரிட்டன் அறிவித்தது. பொருளியலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதை நம்பியிருந்தது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த தமிழர், மலையாளிகள் பலர் பணிக்கொடையை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். மீட்டது ஏற்றுமதிக்காக உற்பத்தி செய்த வெளிநாட்டு நிறுவனங்கள். அவற்றை இழுத்த பொருளியல் வளர்ச்சிக் கழகமும் ஜூரோங் தொழிற்பேட்டைத் திட்டமும் 1961இல், அதாவது மலேசியாவில் சேர்வதற்கு முன்பே, தொடங்கியவை. "பிரிந்ததால் பணக்காரர் ஆனார்கள்" என்பவர்கள் இந்த ஆண்டைக் கவனிப்பதில்லை.

உங்கள் வட்டாரத்துக்கு இது பொருந்துமா என்று பார்க்க, பிரிவினை கேட்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்: முதல் ஆண்டு எந்த நாணயம், வங்கி தள்ளாடினால் யார் தாங்குவது, ஓய்வூதியம் யார் கணக்கில், பொதுக் கடனில் எவ்வளவு நம் பங்கு, ரயில் பாதை யாருக்கு. கடைசிக் கேள்வி சில்லறையாகத் தோன்றலாம். சிங்கப்பூருக்குள் ஓடிய, மலேசியாவுக்குச் சொந்தமான மலாயா ரயில்வேயின் நிலத் தகராறு 2010இல்தான் தீர்ந்தது, சிங்கப்பூரிலிருந்த அதன் தஞ்சோங் பகார் நிலையம் மூடப்பட்டது 2011இல். இதற்கெல்லாம் சர்வதேசச் சட்டம் பதில் சொல்லும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அரசுச் சொத்தும் கடனும் எப்படிப் பிரியும் என்று 1983இல் வியன்னாவில் ஓர் உடன்படிக்கை எழுதினார்கள். போதிய நாடுகள் சேராததால் அது இன்னும் நடைமுறைக்கே வரவில்லை.